கணினிக்கூடத்துக்கு ஒரு ஸ்குவிட் ப்ரொக்சி: நிறுவும் முறையும் அதன் எல்லையும்

இருபது கணினி, ஒரே இணைய இணைப்பு. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பாடசாலைக் கணினிக்கூடம், ரியூட்டரி, பொது நூலகம் என்று எங்கே போனாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். காலையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டவுடன் ஒரே விண்டோஸ் அப்டேட் இருபது தடவை இறங்கத் தொடங்கும். பின்வரிசையில் இரண்டு பேர் யூடியூப் பார்ப்பார்கள். ஆசிரியர் திறக்கப் பார்க்கும் பாடப் பக்கமோ சுற்றிக்கொண்டே நிற்கும். மாத டேட்டா இருபதாம் திகதிக்கு முன்பே முடிந்துவிடும்.

இதற்கு ஒரு ப்ரொக்சி, அதாவது கூடத்துக் கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் மென்பொருள், போடச் சொல்வார்கள். போடலாம், நல்ல வேலைதான். ஆனால் அது என்ன செய்யும் என்பதில் பழைய எண்ணம் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும், டேட்டா மிச்சமாகும் என்று. நாம் இங்கே நிறுவப்போகும் ஸ்குவிட் என்ற ப்ரொக்சி 1996இல் வெளிவந்த காலத்தில் அது உண்மை. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ், அதாவது தரவைப் பூட்டி அனுப்பும் முறை. அப்படியான தளத்தைத் திறக்கும்போது ப்ரவுசர், "இந்தத் தளத்தின் 443ஆம் போர்ட்டுக்கு ஒரு வழி திறந்துவிடு" என்று மட்டும் ப்ரொக்சியிடம் கேட்கும். அந்தக் கட்டளையின் பெயர் கனெக்ட். அதற்குப் பிறகு போய்வருவதெல்லாம் பூட்டிய தரவு. ப்ரொக்சிக்குத் தெரிவது நான்குதான்: எந்தக் கணினி, எந்தத் தளம், எவ்வளவு நேரம், எத்தனை பைட். எந்தப் பக்கம், எந்த வீடியோ, என்ன தட்டச்சு செய்தார்கள் என்பது தெரியாது. ஆகவே சேமித்து வைக்கவும் முடியாது.

அந்த நான்கே ஒரு கணினிக்கூடத்தை ஒழுங்காக நடத்தப் போதும். யார் எங்கே போகலாம், எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில் என்ற மூன்றையும் கட்டுப்படுத்தலாம். கேச், அதாவது சேமித்து வைத்துக் கொடுப்பது, உபரி இலாபம் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். விதிவிலக்கு வரும் இடத்தில் சொல்லியிருக்கிறோம். அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடேதான்.

கணினியும் இடமும்

ஒதுக்கி வைத்த பழைய டெஸ்க்டொப் ஒன்று போதும். 4 ஜிபி ராம் இருந்தால் தாராளம். ஹார்ட் டிஸ்க் பழையதாக இருந்தால் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ராம் கணக்கு இப்படி: ஸ்குவிட் தன் நினைவகக் கேச்சுக்கு இயல்பாக 256 எம்பி எடுக்கும், அதற்கு மேல், டிஸ்க்கில் ஒதுக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் அட்டவணை வைத்திருக்க ஏறக்குறைய 14 எம்பி வேண்டும். 20 ஜிபி ஒதுக்கினால் 280 எம்பி. இந்தக் கணக்குத் தெரியாமல் 500 ஜிபி டிஸ்க் முழுவதையும் கொடுத்தால் 7 ஜிபி ராம் கேட்கும், கணினி மூச்சுவிடாது.

ராஸ்பெர்ரி பையிலும் ஓடும். ஆனால் கேச்சையும், யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்று ஸ்குவிட் எழுதிவைக்கும் பதிவேட்டையும் எஸ்டி கார்ட்டில் வைத்தால் ஓயாமல் எழுதி எழுதிக் கார்ட் சீக்கிரம் போய்விடும். யூஎஸ்பி எஸ்எஸ்டி ஒன்று இணைத்தால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள்.

ப்ரொக்சி நின்றால் கூடம் முழுக்க இணையம் நிற்கும். ஆகவே ரவுட்டர், சுவிட்ச், ப்ரொக்சி மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள். கல்லடி, காத்தான்குடி, கல்முனை போலக் கடலோரமாக இருக்கும் கூடங்களில் உப்புக்காற்று ஆர்ஜே45 முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். இணைப்பு விட்டுவிட்டு அறுந்தால், ஸ்குவிட்டைத் தோண்டுவதற்கு முன் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இடி மின்னலோடு வரும் நாட்களில், வெளியிலிருந்து செம்புக் கம்பியில் வரும் இணைப்பு என்றால் கூடம் மூடும்போது அதை ரவுட்டரிலிருந்து கழற்றி வைப்பது நல்லது. மின்னல் மின்சாரக் கம்பி வழியாக மட்டும் வருவதில்லை.

நிறுவுதல்

டெபியன் அல்லது உபுண்டு சேர்வரைப் (இரண்டும் லினக்ஸ்) போடுங்கள். திரைக்காட்சி இடைமுகம் தேவையில்லை. இந்தக் கணினிக்கு நிலையான ஐபி கொடுங்கள், 192.168.1.2 என்று வைத்துக்கொள்வோம். மற்றக் கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டிஎச்சிபி 192.168.1.100இலிருந்து தொடங்கட்டும், இல்லாவிட்டால் ஒருநாள் யாரோ ஒருவரின் ஃபோனுக்கு இதே முகவரி போய், கூடம் ஏன் படுத்தது என்று தெரியாமல் அரை நாள் அலைய வேண்டிவரும்.

பிறகு: சூடோ ஆப்ட் அப்டேட், சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் ஸ்குவிட். முடிந்தவுடன் அது 3128ஆம் போர்ட்டில் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் யாரையும் உள்ளே விடாது. அதுதான் சரியான இயல்பு.

முதன்மைக் கோப்பான ஸ்குவிட்.கொன்ஃப், விளக்கங்களோடு ஆயிரக்கணக்கான வரிகள் கொண்டது. அதைத் தொடாமல், பக்கத்திலுள்ள கொன்ஃப்.டி கோப்புறைக்குள் லேப்.கொன்ஃப் என்ற புதிய கோப்பை உருவாக்குங்கள். முதன்மைக் கோப்பு, ஆபத்தான போர்ட்களைத் தடுக்கும் வரிகளுக்குப் பின்பும், "எல்லாரையும் மறு" என்ற கடைசி வரிக்கு முன்பும் இந்தக் கோப்புறையை உள்ளே இழுக்கும். நமக்குத் தேவையான இடமும் அதுதான். எழுத வேண்டியது:

ஏசிஎல் லேப் எஸ்ஆர்சி 192.168.1.0/24
ஏசிஎல் தடை டிஎஸ்டிடொமைன் "/ஈடிசி/ஸ்குவிட்/தடை.டிஎக்ஸ்டி"
ஏசிஎல் வகுப்பு டைம் எம்டிடபிள்யூஎச்எஃப் 07:30-13:30
எச்டிடிபி_அக்சஸ் டினை தடை வகுப்பு
எச்டிடிபி_அக்சஸ் அலவ் லேப்

ஏசிஎல் என்பது ஒரு நிபந்தனைக்குப் பெயர் வைக்கும் வரி. லேப், தடை, வகுப்பு என்பவை நாம் வைக்கும் பெயர்கள். ஆங்கில எழுத்தில் எதையும் வைக்கலாம். மூன்றாம் வரியில் உள்ளவை கிழமைகளின் எழுத்துகள், அவை பெரிய எழுத்தில் வர வேண்டும். வியாழனுக்கு எச், சனிக்கு ஏ, ஞாயிறுக்கு எஸ். செவ்வாய்க்கு டி போய்விட்டதால் வியாழன் எச் ஆகிவிட்டது. இதைக் கவனிக்காமல் இரண்டு டி போட்டவர்களின் கூடத்தில் வியாழக்கிழமை மட்டும் தடை வேலை செய்யாது.

விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியோடு முடிவு. ஒரே வரியில் எழுதும் நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும்: நான்காம் வரியின் பொருள், "தடைப்பட்டியலில் உள்ள தளமாகவும் இருந்து, வகுப்பு நேரமாகவும் இருந்தால் மறு". கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றினால் எல்லாருக்கும் எல்லாம் திறந்துவிடும், தடை வரியை ஸ்குவிட் ஒருபோதும் எட்டாது. ஸ்குவிட்டில் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு இந்த வரிசைச் சிக்கல்தான்.

தடைப்பட்டியலில் வரிக்கு ஒரு தளம். முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அதன் துணைத்தளங்கள் எல்லாம் அடங்கும்: .ஃபேஸ்புக்.கொம் என்று ஒரு வரி போதும். எச்டிடிபிஎஸ் முன்னொட்டோ, சாய்கோட்டுக்குப் பின்னான பாதையோ சேர்த்தால் பொருந்தாது. புள்ளி வைத்த பெயரையும் அதன் துணைத்தளத்தையும் இரண்டு வரியாக எழுதினால் ஸ்குவிட் முறையிடும், சில பதிப்புகளில் தொடங்கவே மறுக்கும். பட்டியலை விண்டோஸ் நோட்பேட்டில் தயாரித்துக் கொண்டுவந்தால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டு வரலாம். டொஸ்2யுனிக்ஸ் கருவியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்பும் முதலில் ஸ்குவிட் -கே பார்ஸ். பிழை இல்லை என்றால் மட்டும் ஸ்குவிட் -கே ரீகொன்ஃபிகர். இது ஓடிக்கொண்டிருக்கும் ஸ்குவிட்டை நிறுத்தாமலே புதிய விதிகளை ஏற்ற வைக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால், திறந்திருக்கும் இணைப்புகள் முடியட்டும் என்று இயல்பாக 30 வினாடி வரை காத்திருந்துதான் நிற்கும். தொங்கிவிட்டது என்று நினைத்துக் கணினியையே அணைத்துவிட வேண்டாம்.

டிஸ்க் கேச் வேண்டுமானால் அதே கோப்பில் முதலில் மெக்சிமம்_ஒப்ஜெக்ட்_சைஸ் 200 எம்பி, அதற்குக் கீழே கேச்_டிர் யூஎஃப்எஸ் /வார்/ஸ்பூல்/ஸ்குவிட் 20000 16 256. இந்த 'எம்பி'யையும் பெரிய எழுத்தில் தட்டுங்கள். இரண்டு வரியையும் முறைமாற்றி எழுதினால் இயல்பான 4 எம்பி வரம்பே டிஸ்க்குக்கு நின்றுவிடும், பெரிய கோப்பு எதுவும் சேமிக்கப்படாது. கேச் வரியைப் புதிதாகச் சேர்த்தால் ஸ்குவிட்டை நிறுத்தி, ஸ்குவிட் -இசட் கொடுத்து அடைவுகளை உருவாக்கி, பிறகு தொடங்குங்கள்.

கணினிகளை அதன் பக்கம் திருப்புதல்

விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வேர்க், ப்ரொக்சி. அங்கே கைமுறை அமைப்பில் 192.168.1.2, போர்ட் 3128. குரோமும் எட்ஜும் இதையே எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபொக்ஸுக்குத் தனி அமைப்பு உண்டு, அதையும் பாருங்கள். ரவுட்டர் பக்கம், பிரிண்டர் போன்ற உள்ளூர் முகவரிகளை விதிவிலக்கில் போடுங்கள்.

இத்தோடு விட்டால் இரண்டாம் நாளே ஒரு மாணவர் ப்ரொக்சியை ஓஃப் பண்ணிவிட்டு நேராகப் போவார். அதற்கு வழி ரவுட்டரில் இருக்கிறது: 192.168.1.2 தவிர்ந்த எந்த முகவரியிலிருந்தும் வெளியே டிசிபி 80, டிசிபி 443, யூடிபி 443 ஆகியவற்றைத் தடுங்கள். கடைசியை மறக்க வேண்டாம். ப்ரவுசர்கள் க்விக் நெறிமுறையில் யூடிபி வழியாகவும் போகும், ப்ரொக்சி ஓஃப் ஆக இருந்தால் யூடியூப் அந்த வழியில் நன்றாகவே ஓடும். ரவுட்டர் ஐபிவி6 முகவரியும் கொடுக்கிறதா என்று பாருங்கள். தடை ஐபிவி4க்கு மட்டும் போட்டிருந்தால் வாசலைப் பூட்டிவிட்டு வேலியைத் திறந்து விட்டதுபோல் ஆகும். உள் வலையில் ஐபிவி6ஐ நிறுத்துவது எளிய வழி.

சூம் வகுப்பின் ஒலியும் படமும் யூடிபி 8801 முதல் 8810 வரையான போர்ட்களில் போகும். யூடிபி ப்ரொக்சி வழியாக வருவதில்லை, மேலே சொன்ன தடையும் அதைத் தொடாது. ரவுட்டரில் யூடிபி முழுவதையும் மூடினால்தான் சூம் டிசிபிக்கு இறங்கி, குரல் வெட்டி வெட்டி வரும்.

மலிவான 4ஜி ரவுட்டர்கள் சிலவற்றில் இப்படி முகவரிவாரியாகத் தடுக்கும் வசதி இருக்காது. அப்போது ப்ரொக்சி கணினியில் இரண்டாவது நெட்வேர்க் கார்ட் ஒன்றைப் போட்டு, ஒன்றை ரவுட்டருக்கும் மற்றதைச் சுவிட்சுக்கும் கொடுங்கள். லினக்ஸ் இயல்பாக ஒரு கார்டிலிருந்து மறு கார்டுக்குத் தரவைக் கடத்தாது. ஆகவே ப்ரொக்சியைத் தவிர வேறு வழியே இருக்காது. கூடத்துப் பக்கத்துக்கு வேறு முகவரித் தொகுதி (192.168.50.0/24 போல), டிஎச்சிபிக்கு டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் வேண்டும். ஏசிஎல் வரியிலும் கணினி அமைப்பிலும் முகவரியை அதற்கேற்ப மாற்றுங்கள். விலை ஒன்றுண்டு: சூமின் யூடிபியும் சேர்ந்து நின்றுவிடும். ரவுட்டரின் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் செய்த வேலை வீண்.

மடிக்கணினியில் கைமுறையாக ப்ரொக்சி போட்டால் வீட்டுக்குப் போனதும் "ப்ரொக்சி பதிலளிக்கவில்லை" என்று வரும். ஆசிரியர்களுடைய சொந்த மடிக்கணினிகளுக்கு இதைப் போட வேண்டாம். அவற்றுக்கு டிஎச்சிபியில் நிலையான முகவரி கொடுத்து ரவுட்டர் தடையிலிருந்து விலக்குங்கள்.

யூடியூபை மூடாமல் வடிகட்டுதல்

பாடசாலையில் யூடியூபை முழுக்க மூடினால் பாட வீடியோவும் போய்விடும். தனி வீடியோவைத் தடுக்க ப்ரொக்சியால் முடியாது, பாதை தெரியாதே. இங்கே கூகுளே ஒரு வழி வைத்திருக்கிறது. ப்ரொக்சி பாவிக்கும் ப்ரவுசர், தளப்பெயரை ஐபியாக மாற்றும் வேலையையும் ப்ரொக்சியிடமே விட்டுவிடும். ஸ்குவிட் அந்த வேலைக்குத் தன் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் (ஐபிக்கு எதிரே தளப்பெயர் எழுதிவைக்கும் கோப்பு) பார்க்கும். ஆகவே ப்ரொக்சி கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 216.239.38.120 என்ற முகவரிக்கு எதிரே யூடியூபின் ஐந்து பெயர்களையும் எழுதுங்கள்: டபிள்யூடபிள்யூடபிள்யூ முன்னொட்டோடு யூடியூப்.கொம், எம்.யூடியூப்.கொம், யூடியூபிஐ.கூகுள்ஏபிஐஸ்.கொம், யூடியூப்.கூகுள்ஏபிஐஸ்.கொம், டபிள்யூடபிள்யூடபிள்யூ முன்னொட்டோடு யூடியூப்-நோகுக்கி.கொம். யூடியூபின் கட்டுப்படுத்திய நிலை தானாக இயங்கும், மாணவரால் அணைக்க முடியாது. பின்னூட்டங்களும் மறைந்துவிடும். இது கடும் நிலை. நல்ல பாடங்கள் சிலவும் காணாமல் போகும். அப்படியானால் 216.239.38.119 என்ற மிதமான நிலையைப் போடுங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ முன்னொட்டோடு கூகுள்.கொம், கூகுள்.எல்கே இரண்டையும் .120க்கு நேரே எழுதினால் பாதுகாப்பான தேடலும் கட்டாயமாகும். எழுதி முடித்ததும் ரீகொன்ஃபிகர் கொடுக்க மறக்க வேண்டாம்.

பரீட்சைப் பயிற்சி நேரத்துக்கு மட்டும் "இந்தப் பட்டியல் தவிர எதுவும் வேண்டாம்" என்று வைக்கலாம். ஈ-தக்சலாவ (கல்வி அமைச்சின் இணையப் பாடத்தளம்), பரீட்சைத் திணைக்களத் தளம் என்று எழுதத் தொடங்குவீர்கள். பக்கம் பாதி உடைந்து வரும். எழுத்துருவும் படமும் வேறு தளங்களிலிருந்து வருவதுதான் காரணம். பதிவேட்டில் மறுக்கப்பட்ட பெயர்களைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தடையைச் சுற்றிப் போக உதவும் வீபிஎன் நீட்சிகளை அடக்கவும் இந்த முறைதான் உறுதியானது. தடைப்பட்டியலால் அவற்றைத் துரத்திப் பிடிக்க முடியாது.

வேகத்தைப் பங்கிடுதல்

ஒரு கணினியே முழு இணைப்பையும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, லேப்.கொன்ஃபில் இந்த நான்கு வரிகளையும் சேருங்கள்:

டிலே_பூல்ஸ் 1
டிலே_கிளாஸ் 1 2
டிலே_பரமீற்றர்ஸ் 1 -1/-1 125000/1000000
டிலே_அக்சஸ் 1 அலவ் லேப்

மூன்றாம் வரியின் எண்கள் பைட், பிட் அல்ல. 125000 பைட் என்பது வினாடிக்கு 1 மெகாபிட். ஒரு கணினி முதல் 10 இலட்சம் பைட்டை முழு வேகத்தில் எடுக்கலாம். அதைத் தாண்டினால் 1 மெகாபிட்டுக்கு இறங்கும். சாதாரணப் பக்கம் உடனே திறக்கும், பெரிய தரவிறக்கம் மட்டும் மெதுவாகும். -1 என்பது வரம்பில்லை. எச்டிடிபிஎஸ்ஸுக்கும் இது பொருந்தும். பூட்டிய தரவையும் எண்ண முடியும் அல்லவா.

அப்டேட்களுக்கு ஸ்குவிட்டை நம்புவதை விட விண்டோஸின் டெலிவரி ஒப்டிமைசேஷனைத் திறந்துவிடுங்கள்: "எனது உள் வலையிலுள்ள கணினிகள்". ஒரு கணினி இறக்கியதை மற்றவை டிசிபி 7680 வழியாக வாங்கிக்கொள்ளும். 4 ஜிபிக்குக் குறைந்த ராம் உள்ள கணினிகள் இயல்பில் இதில் சேராது. ஸ்குவிட்டில் ரேஞ்ச்_ஒஃப்செட்_லிமிட்டை வரம்பில்லாமல் திறந்து அப்டேட்டைச் சேமிக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அப்படிச் செய்தால், கணினி கோப்பின் ஒரு சிறு துண்டைக் கேட்டாலும் ஸ்குவிட் முழுக் கோப்பையும் இறக்கும்; கோப்பு சேமிப்பு வரம்பை விடப் பெரியது என்றால் இறக்கியதை எறிந்துவிட்டு அடுத்த துண்டுக்கு மறுபடி முழுதாக இறக்கும். டேட்டா மிச்சம் பிடிக்கப் போய் இருந்ததும் போகும். கூடத்தில் உபுண்டு கணினிகள் இருந்தால் ஆப்ட்-கேச்சர்-என்ஜி (போர்ட் 3142) நிறுவுங்கள், அது சிக்கலில்லாமல் சேமிக்கும்.

பதிவேட்டைப் படித்தல்

/வார்/லொக்/ஸ்குவிட்/அக்சஸ்.லொக். ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: நேரம், 84210, 192.168.1.114, டிசிபி_டனல்/200, 5242880, கனெக்ட், தளத்தின் பெயர்:443. அதாவது 114ஆம் கணினி அந்தத் தளத்தோடு 84 வினாடி இணைந்திருந்து 5 எம்பி எடுத்திருக்கிறது. நேரம் 1970 தொடக்கம் எண்ணிய வினாடிகளில் இருக்கும். இந்த வரி இணைப்பு முடிந்த பிறகே எழுதப்படும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. டிசிபி_டினைட்/403 என்றால் நம் விதி மறுத்தது. டிசிபி_மெம்_ஹிட், டிசிபி_ஹிட் என்றால் கேச்சிலிருந்து போனது. இவை அரிதாகவே வரும், பழுது என்று நினைக்க வேண்டாம்.

எச்டிடிபிஎஸ் தளம் தடுக்கப்படும்போது ஸ்குவிட்டின் விளக்கப் பக்கம் திரையில் வராது. கனெக்ட் மறுக்கப்பட்டால் ப்ரவுசர் அந்தப் பதிலைக் காட்டாமல் "டனல் இணைப்புத் தோல்வி" என்று மட்டும் சொல்லும். இணையம் வேலை செய்யவில்லை என்று மாணவர்கள் எழுந்து வருவார்கள். எந்த நேரத்தில் எந்தத் தளங்கள் மூடியிருக்கும் என்று ஒரு தாளில் அடித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பதிவேடு என்பது ஆட்கள் போன இடங்களின் பட்டியல். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது கைமாறக் கூடாத பொருள். பதிவு வைக்கிறோம் என்பதை எல்லாருக்கும் அறிவியுங்கள், பழைய பதிவேடுகளைத் தானாக அழிக்கும் லொக்ரொட்டேட்டில் இரண்டு கிழமைக்கு மேல் வைக்காதீர்கள்.

பூட்டை உடைக்கலாமா?

எஸ்எஸ்எல் பம்ப் என்றொரு முறை உண்டு: ஸ்குவிட்-ஓபன்எஸ்எஸ்எல் பொதியை நிறுவி, நாமே ஒரு சான்றிதழ் அதிகாரத்தை உருவாக்கி, எல்லாக் கணினியிலும் ஏற்றினால் ப்ரொக்சி உள்ளடக்கத்தையும் படிக்கும், மாற்றும். பாடசாலைக்கோ ரியூட்டரிக்கோ வேண்டாம். அந்தத் திறவுகோல் கோப்பு யார் கையில் கிடைத்தாலும் ஆசிரியரின் வங்கிக் கடவுச்சொல் உட்பட எல்லாம் வாசிக்கலாம். போதாததற்கு, அண்ட்ரொய்ட் 7 தொடக்கம் செயலிகள் நாம் ஏற்றும் சான்றிதழை இயல்பாக ஏற்பதில்லை. உயர்தர ஐசிரி மாணவர்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று காட்ட வேண்டுமானால், ஒரு தனிக் கணினியில், இதே முறையில் பூட்டைத் திறந்து காட்டும் எம்ஐடிஎம்ப்ரொக்சி நிறுவி (போர்ட் 8080) அந்தக் கணினியின் ப்ரவுசரை மட்டும் அதனூடாக விட்டுக் காட்டுங்கள், பாடம் முடிந்ததும் சான்றிதழை அழித்துவிடுங்கள். பக்கத்தின் எழுத்தையே மாற்றிக் காட்டுவதற்கு ப்ரிவொக்சி என்ற இன்னொரு ப்ரொக்சியும் (போர்ட் 8118) நல்லது. பூட்டில்லாத எச்டிடிபி பக்கம் ஒன்றை உள் சேர்வரில் வைத்துக்கொண்டால் சான்றிதழே தேவையில்லை.

வழக்கமாக வரும் பழுதுகள்

காலையில் எந்த எச்டிடிபிஎஸ் தளமும் திறக்கவில்லை, சான்றிதழ் பிழை என்றால் அந்தக் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டரி செத்திருக்கும், கரண்ட் போனதும் திகதி பின்னுக்குப் போயிருக்கும். ப்ரொக்சி கணினியிலேயே இது நடந்தால் நேர விதிகளும் தாறுமாறாகும். நேர வலயம் ஏசியா/கொழும்பு என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். யூடிசியில் (உலகப் பொது நேரம்) விட்டால் ஏழரைக்குத் தொடங்க வேண்டிய தடை மதியம் ஒரு மணிக்குத் தொடங்கும்.

எல்லாத் தளமும் திறக்க ஐந்து வினாடி தாமதமானால் பெயர் தீர்க்கும் சேர்வர் பதில் தரவில்லை. டிஎன்எஸ்_நேம்சேர்வர்ஸ் வரியில் வேறொன்றைக் கொடுங்கள். ஸ்குவிட் தொடங்கியவுடன் நின்றால் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா, கேச் கோப்புறையின் உரிமை ப்ரொக்சி என்ற பயனரிடம் இருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். கரண்ட் திடீரென்று போய் வந்தபின் சில நிமிடம் டிஸ்க் ஓயாமல் ஓடினால் கேச் அட்டவணையை மீளக் கட்டுகிறது, விட்டுவிடுங்கள்.

3128ஐ ரவுட்டரில் வெளியே திறந்துவிட மட்டும் வேண்டாம். திறந்த ப்ரொக்சிகளைத் தேடி இணையம் முழுக்கத் துழாவிக்கொண்டிருக்கும் நிரல்கள் உண்டு. கண்டுபிடித்தால் உங்கள் இணைப்பின் பெயரில் யாரோ எங்கேயோ செய்யும் வேலைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். வேலை முடிந்ததும் லேப்.கொன்ஃப், தடைப்பட்டியல், ஹோஸ்ட்ஸ் மூன்றையும் ஒரு பென்ட்ரைவில் போட்டுப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். எஸ்எஸ்டி போனால் புதிதாக நிறுவி இந்த மூன்றையும் வைத்து, கேச் வரி இருந்தால் ஸ்குவிட் -இசட்டும் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கூடம் பழையபடி ஓடும்.